அம்மி மிதக்கும் நீர்

சென்ற வாரம் கோலாலம்பூரிலிருந்து என் அக்காள் மகள் தொலைபேசியில் அழைத்தாள். நிலவியலில் முதுகலை ஆய்வைத் தொடங்கியிருக்கும் அவளுக்கு, பேராக் மாநிலத்து ஆற்றுமணலிலிருந்து கனமான கனிமங்களைப் பிரித்தெடுக்கும் வேலை முதல் வேலையாகத் தரப்பட்டிருக்கிறது. "மாமா, அலமாரியில பழுப்புக் குப்பியில புரோமோஃபார்ம் இருக்கு. சோடியம் பாலிடங்ஸ்டேட் வேணும்னா விண்ணப்பம் எழுதி, ஏன் வேணும்னு காரணம் காட்டணுமாம். இருக்கிறதை வச்சே செஞ்சிடட்டுமா?" என்று கேட்டாள். இரண்டுமே மணலை அடர்த்தியால் பிரிக்கப் பயன்படுபவை: முன்னது நச்சு ஆவி விடும் பழைய கனத்திரவம், பின்னது நீரில் கரைத்துப் பயன்படுத்தும் உப்பு. வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் வேண்டாம் என்பதைத் தொலைபேசியில் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. பினாங்கின் பெருநிலப் பகுதியில் கனிமச் சோதனை மேசையின் முன் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நின்றவன் என்ற முறையில், அவளுக்கும் அவளைப்போல் அலமாரியைத் திறந்து பார்த்துத் தயங்கும் மற்ற மாணவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த வேலையின் அடிப்படை புதிதல்ல. சட்டியைச் சாய்த்து ஆட்டும்போது அரிசி நீரோடு நகர்ந்துவிடும். கல் அடியில் தங்கிவிடும். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்பைக் கரைத்து, அந்த நீரில் விதைநெல்லைக் கொட்டி, மிதக்கும் பதரை அள்ளி எறிந்துவிட்டு அமிழ்ந்த மணிகளை மட்டும் விதைக்கும் வழக்கம் இன்னும் நெருங்கிய உறவினம். அங்கே அசைவு தேவையில்லை. நீரின் அடர்த்தியே முடிவு செய்கிறது. கனிமங்களைப் பிரிக்கும்போதும் நாங்கள் செய்வது அதையேதான், ஆனால் உப்புநீர் போதாது. மணலின் பெரும்பகுதியான குவார்ட்ஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.65 கிராம். நாங்கள் தேடும் சிர்கான் 4.6 அளவிலும், இல்மனைட் 4.7 அளவிலும், மோனசைட் 5 அளவிலும், இந்நாட்டில் ஈயம் என்றே சொல்லப்படும் வெள்ளீயத்தின் (டின்) தாதுவான காசிட்டரைட் 7 அளவிலும் இருக்கின்றன. ஆகவே குவார்ட்ஸை மிதக்கவிட்டு மற்றவற்றை அமிழவிடும் 2.9 அளவிலான ஒரு திரவம் வேண்டும்.

பள்ளியில் பொருள்கோள் நடத்திய தமிழாசிரியை, அம்மி மிதப்பதாகவும் சுரைக்காய் அமிழ்வதாகவும் சொற்கள் இடம் மாறி நிற்கும் ஒரு பழைய பாட்டை எடுத்துக்காட்டி, சொற்களை மாற்றிப் பொருத்தினால்தான் பொருள் கிடைக்கும் என்று சொன்னார். 2.9 அடர்த்தியுள்ள திரவத்தின் முன் நிற்கும்போது, அம்மியைப் பற்றிய பாதியை மாற்ற வேண்டியதில்லை. கருங்கல் அம்மியின் சில்லு ஒன்றை அதில் போட்டால், நீரில் பனிக்கட்டி மிதப்பதைப்போலவே, பத்தில் ஒன்பது பங்கு உள்ளேயும் ஒரு பங்கு வெளியேயுமாக அது மிதந்து நிற்கும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் நான் முதலில் காட்டுவது அதைத்தான்.

இந்த நாட்டில் இந்த வேலைக்கு ஒரு வரலாறு உண்டு. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த காலத்தில், பாலோங் என்ற நீண்ட மரச்சரிவுகளிலும், டூலாங் என்ற அகன்ற மரத்தட்டுகளிலும் மணலை அலசி ஈயத்தாதைப் பிரித்தார்கள். ஈயத்தோடு சேர்ந்து வந்த பிற கனமான கனிமங்களின் கலவைக்கு அமாங் என்று பெயர். 1985ஆம் ஆண்டு ஈய விலை சரிந்த பிறகு சுரங்கங்கள் மூடப்பட்டு, ஈயக்குட்டைகள் மட்டும் எஞ்சின. அமாங்கில் இருக்கும் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகியவற்றுக்குத் தனி மதிப்பு இருப்பதால், "இந்த மூட்டையில் கனமானவை நூற்றுக்கு எத்தனை பங்கு?" என்ற கேள்வி சோதனை மேசைக்கு வருவது நிற்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பல தலைமுறைகளாகப் பதில் சொன்னது புரோமோஃபார்ம்தான்.

அதன் அடர்த்தி 2.89. தண்ணீரைப்போல் எளிதாக ஓடும். மணலை விரைவில் பிரித்துக்கொடுக்கும். வேலை என்ற அளவில் அதைக் குறைசொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நான் முதன்முதலில் சேர்ந்த ஒரு சோதனைக்கூடத்தில், அதன் பெயர் இங்கே தேவையில்லை, நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. சன்னலைத் திறந்து வைத்து, மேசை விசிறியைப் போட்டுக்கொண்டு வேலையைச் செய்யும்படி சொன்னார்கள், நாங்களும் செய்தோம். குளோரோஃபார்மின் உறவுப் பொருள் என்பதால் அதற்கும் ஓர் இனிப்பு வாடை உண்டு. பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் நெற்றி கனக்கத் தொடங்கும், படிக்கட்டில் இறங்கும்போது கால் தளரும், வீட்டுக்குப் போனபின் சோற்றைக் கண்டாலே குமட்டும். எனக்கு மூத்தவரான ஓர் அண்ணன், தலைவலி மாத்திரை அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார். வெயில், பசி, தூக்கக் குறைவு என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு காரணம் சொல்லிக்கொண்டோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கக்குவான் இருமல் கண்ட குழந்தைகளை அமைதிப்படுத்த இதே புரோமோஃபார்மைத்தான் மருந்தாகக் கொடுத்தார்கள் என்பதையும், எங்களுக்கு ஏற்பட்டது அந்த மயக்கத்தின் சாயல்தான் என்பதையும் பல ஆண்டுகள் கழித்தே படித்து அறிந்தேன்.

சன்னல் ஏன் உதவவில்லை என்பதை எண்களே சொல்லும். புரோமோஃபார்மின் ஆவி காற்றைவிட எட்டு மடங்குக்கும் மேல் கனமானது. அது மேலே எழுந்து சன்னல் வழியே வெளியேறாமல், புனலின் வாயிலிருந்து வழிந்து மேசையின் மேல் பரவி, தரையை நோக்கி இறங்குகிறது; குனிந்து வேலை செய்பவரின் முகமும் அங்கேதான் இருக்கிறது. எட்டு மணிநேர வேலைநாளில் காற்றின் பத்து லட்சம் பங்கில் அரைப் பங்குக்கு மேல் இது இருக்கக்கூடாது என்பது அமெரிக்காவின் வேலையிடப் பாதுகாப்பு வரம்பு. மூடியிருக்கும் குப்பிக்குள், 20 பாகை செல்சியசில், திரவத்தின் மேலுள்ள காற்றில் அது பத்து லட்சத்துக்கு ஆறாயிரம் பங்குக்கும் மேல் நிறைந்திருக்கிறது. பினாங்கில் 30 பாகைக்குக் குறையாத ஓர் அறையில் குப்பியைத் திறந்தால் என்ன ஆகும் என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம். தோல் வழியாகவும் அது உடலுக்குள் செல்லும். நீண்ட நாள் பழக்கம் கல்லீரலைக் கெடுக்கும். உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாட்டில் இருக்கிறோம், ஆனாலும் நாம் வழக்கமாக அணியும் மெல்லிய கையுறையை இவ்வகைத் திரவங்கள் விரைவில் ஊடுருவிவிடும்.

அதற்கு மாற்றாக முன்பு பயன்பட்டவையும் பாதுகாப்பானவை அல்ல. டெட்ராபுரோமோஈத்தேனின் அடர்த்தி 2.96, ஆனால் அதன் நச்சுத்தன்மை குறைவானதன்று. மெத்திலீன் ஐயோடைடு 3.3 வரை எட்டும். 1907ஆம் ஆண்டு இத்தாலியரான கிளெரிசி உருவாக்கிய தாலியம் உப்புக் கரைசல் அறைவெப்பத்திலேயே 4.2ஐத் தொடும், நீரில் கரையும், பார்ப்பதற்குத் தெளிவாகவும் இருக்கும். ஆனால் தாலியம் எலி மருந்தாகப் பயன்பட்ட உலோகம், அந்தக் கரைசல் தோல் வழியாகவும் உடலில் ஏறும். நான் அதைத் தொட்டதில்லை, எந்த மாணவரும் தொடக்கூடாது என்றே நினைக்கிறேன்.

சோடியம் பாலிடங்ஸ்டேட் 1980களில் இந்த வேலைக்கு வந்தது. வெள்ளைத் தூளாக வரும் ஓர் உப்பு அது. நீரில் கரைத்தால் 3.1 வரையிலான எந்த அடர்த்தியையும் அதில் பெறலாம். டங்ஸ்டன் மிகக் கனமான உலோகம். இந்த உப்பில் பன்னிரண்டு டங்ஸ்டன் அணுக்கள் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரே அயனியாகத் திரண்டிருக்கின்றன, அந்த அயனியோ நீரில் தாராளமாகக் கரைகிறது. கனத்துக்குக் காரணம் அதுதான். மேலே எழுவது வெறும் நீராவி, வாடை இல்லை, தீப்பற்றாது. முதன்முதலில் அதைக் கையாண்ட நாளில், பீக்கரில் இருப்பது சற்றே மஞ்சள் கலந்த தண்ணீர் என்று கண் சொல்ல, அந்த எடைக்குத் தயாராகத் தூக்கிய கை பாதியிலேயே தாழ்ந்துவிட்டது. ஒரு லிட்டர் கிட்டத்தட்ட மூன்று கிலோ. கண்ணாடிக் குடுவையைக் கழுத்தைப் பிடித்துத் தூக்காமல், அடியில் கை கொடுத்துத் தூக்கச் சொல்வது அதனால்தான்.

செய்முறையை அவளுக்குச் சொன்னபடியே இங்கும் சொல்கிறேன். மணலைக் களிமண் போகக் கழுவி, உலர்த்தி, சல்லடையில் சலித்து, ஓரளவு ஒரே பருமனான துகள்களாக எடுத்துக்கொள்ள வேண்டும். அடியில் திறந்து மூடும் திருகு உள்ள பிரிபுனலில் 2.9 அடர்த்திக்குச் சரிசெய்த கரைசலை ஊற்றி, இருபது கிராம் மணலைத் தூவி, கண்ணாடிக் கோலால் கலக்கிவிட்டு மூடிவைக்க வேண்டும். சிறிது நேரத்தில் வெண்ணிறக் குவார்ட்ஸ் மேலே ஏடுபோல் திரளும். அதிலிருந்து கறுப்பு மணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று, எள் தூவியதுபோல் தெளிந்த திரவத்தின் ஊடாக இறங்கி, திருகுக்கு மேலே ஒரு விரற்கடை உயரத்துக்குப் படியும். ஏட்டுக்குள் சிக்கியிருக்கும் மணிகள் இறங்குவதற்காக இரண்டு மூன்று முறை மீண்டும் கலக்கிவிட வேண்டும். இதில் அவசரப்படுபவர்களின் கணக்கில் கனமானவை எப்போதும் குறைந்தே வரும். பின்னர் திருகை நொடிப்பொழுது திறந்து, அடியில் படிந்ததை மட்டும் வடிதாளில் இறக்கி, காய்ச்சி வடித்த நீரால் பல முறை கழுவ வேண்டும். கழுவிய நீரில் ஒரு துளியையும் கொட்டக்கூடாது. அதில்தான் பணம் இருக்கிறது.

அடர்த்தியை மாற்றுவதற்குப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. 2.9இல் உள்ள 100 மில்லி கரைசலை 2.6க்கு இறக்க, ஏறத்தாழ 19 மில்லி நீர் சேர்த்தால் போதும். அந்த அளவில் பொட்டாசியம் மிகுந்த ஃபெல்ட்ஸ்பார் மிதக்கும், குவார்ட்ஸ் அமிழும். சரிபார்க்க நான் நம்புவது தராசைத்தான்: துல்லியமாக 10 மில்லி எடுத்து நிறுத்தால் 29 கிராம் காட்ட வேண்டும். திறந்து வைத்தால் நீர் ஆவியாகி அடர்த்தி மாறும், விளிம்பில் உப்பு பூக்கும். ஆகவே மூடி அவசியம், ஒவ்வொரு நாள் காலையிலும் மறுபடி நிறுத்துப் பார்ப்பதும் அவசியம். மேசையில் சிந்திய துளியை ஈரமாக இருக்கும்போதே துடைத்துவிட வேண்டும். காய்ந்துவிட்டால் அது கண்ணாடிப் பூச்சுபோல் ஒட்டிக்கொள்ளும்.

இந்தத் திரவத்துக்கு இரண்டு பகைகள் உண்டு; இரண்டையும் நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒன்று சுண்ணாம்புச் சத்து. பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, வடித்த நீர் தீர்ந்துவிட்டதென்று குழாய்நீரை ஊற்றிக் கழுவினார். தெளிவாக இருந்த கரைசல் அரிசி கழுவிய நீர்போல் கலங்கிவிட்டது. நீரிலிருந்த கால்சியம் டங்ஸ்டனோடு சேர்ந்து, கரையாத கால்சியம் டங்ஸ்டேட்டாக வீழ்ந்ததுதான் காரணம். இயற்கையில் அதே சேர்மத்தின் பெயர் ஷீலைட். ஈப்போவுக்கு அருகே கிராமாட் பூலாயில் ஒரு காலத்தில் அதைத்தான் டங்ஸ்டனுக்காக வெட்டியெடுத்தார்கள். சுண்ணாம்புக்கல் குன்றுகள் சூழ்ந்த கிந்தாவிலிருந்தோ, சுண்ணாம்புக்கல்லின் மேல் அமர்ந்திருக்கும் கோலாலம்பூரிலிருந்தோ வரும் மணலில் கால்சைட் துகள்கள் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. கரைசல் சற்று அமிலத்தன்மை உள்ளது என்பதால் அவை கரைந்து இதே கலங்கலை உண்டாக்கும். அப்படிப்பட்ட மணலை முதலில் நீர்த்த அமிலத்தில் இட்டு, நுரை அடங்கியபின் வடித்த நீரில் நன்கு கழுவிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும்.

இரண்டாவது பகை இரும்பு. ஒரு நாள் காலை புனலைப் பார்த்தால், கரைசல் முழுவதும் பள்ளிக்கூட மைக்கூடு கவிழ்ந்ததுபோல் நீலமாக இருந்தது. முந்தைய மாலை யாரோ துருப்பிடித்த கரண்டியால் மணலைக் கிளறி, அதை உள்ளேயே விட்டுப் போயிருந்தார்கள். உலோகம் டங்ஸ்டனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுவதால் வரும் நிறம் அது. பதறிப்போய்க் கொட்டிவிடாமல், சில துளி ஹைட்ரஜன் பெராக்சைடு சேர்த்தால் நீலம் கலைந்து பழைய தெளிவு திரும்பும். ஆனால் அடிக்கடி அப்படிச் செய்ய நேர்ந்தால் வேலைமுறையில் தவறு இருக்கிறது என்று பொருள். கண்ணாடி, பிளாஸ்டிக், துருப்பிடிக்காத எஃகு ஆகிய மூன்றைத் தவிர வேறெதையும் அதன் அருகே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது.

இந்தத் திரவத்தில் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்பதை மறைக்க மாட்டேன். 2.9க்கு வரும்போது கரைசல் தேன்பாகை நினைவூட்டும் அளவுக்குத் தடித்துவிடுகிறது. புரோமோஃபார்மில் சில நிமிடங்களில் இறங்கிய மணிகள் இதில் பல மணிநேரம் எடுத்துக்கொள்ளும். மிக நுண்ணிய துகள்களைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றித்தான் பிரிக்க முடியும். நுண்துகள் மிகுந்த மாதிரிகளுக்கு, ஏறத்தாழ அதே அடர்த்தியில் இதைவிட எளிதாக ஓடும் லித்தியம் மெட்டாடங்ஸ்டேட் பொருத்தமானது. பாதுகாப்பானது என்ற சொல்லையும் அளவோடுதான் பயன்படுத்த வேண்டும்: விழுங்கினால் கேடு, கண்ணில் தெறித்தால் கடும் கேடு, சாக்கடையில் விட்டால் நீர்வாழ் உயிர்களுக்குக் கேடு. பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றிவைக்க அது அனுமதி தரவில்லை. ஆனால் மூச்சை விடுவதற்கே அஞ்ச வேண்டிய நிலை இதில் இல்லை.

விலையைப் பற்றித்தான் எனக்கு மிகுந்த வருத்தம். புரோமோஃபார்ம் மலிவு, டங்ஸ்டேட் உப்பு விலை அதிகம் என்று விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புகிறவர்கள், குப்பியின் விலையோடு குப்பியின் விலையை மட்டும் ஒப்பிடுகிறார்கள். புரோமோஃபார்மைக் கழுவ அசிட்டோனோ எத்தனாலோ லிட்டர் கணக்கில் வேண்டும், இரண்டும் தீப்பற்றுபவை. ஒழுங்காக இயங்கும் ஃபியூம் ஹூட் வேண்டும். கழிவை உரிமம் பெற்றவர்களிடம் பணம் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். டங்ஸ்டேட் கரைசலைக் கழுவுவது வெறும் நீர். அந்தக் கழுவுநீரை வடிகட்டி, கொதிக்கவிடாமல் மெதுவான சூட்டில் வற்றவைத்தால் அதே உப்பு திரும்பக் கிடைக்கிறது. கவனமாக இருப்பவர்களின் கையில் ஒரு முறை வாங்கியது ஆண்டுக்கணக்கில் சுற்றி வருகிறது. அந்த அண்ணனின் சட்டைப்பையில் இருந்த மாத்திரை அட்டையை எந்தக் கொள்முதல் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் எது மலிவு என்ற பேச்சு அன்றே முடிந்திருக்கும்.

3.1க்கு மேல் இந்தக் கரைசலால் எட்ட முடியாது என்பது உண்மைதான். அதனால் சிர்கானும் இல்மனைட்டும் மோனசைட்டும் காசிட்டரைட்டும் ஒன்றாகவே அடியில் சேரும். அவற்றைப் பிரிக்க இன்னும் கனமான நஞ்சைத் தேட வேண்டியதில்லை, காந்தம் இருக்கிறது. காந்தப் புலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் இல்மனைட் முதலில் ஒட்டிக்கொண்டு போகும், மோனசைட் வலுவான புலத்தில் பின்தொடரும், சிர்கானும் காசிட்டரைட்டும் மிஞ்சும். மிஞ்சியதில் ஈயத்தாது எது என்று காண, துத்தநாகத் தகட்டின் மேல் சில மணிகளை வைத்து நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் போதும். நுரை பொங்கி அடங்கியபின், காசிட்டரைட் மணிகள் மட்டும் வெள்ளிச்சாம்பல் நிற ஈயப்பூச்சை அணிந்து மின்னும். சிர்கான் மாறாமல் கிடக்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

இன்னொரு பயனையும் அவளிடம் சொன்னேன். கடற்கரை மணலில் கலந்திருக்கும் நுண்பிளாஸ்டிக்கை ஆராய்பவர்களுக்கும் இதே உப்பு உதவுகிறது. கரைசலை 1.5 அளவுக்கு நீர்க்கச் செய்தால், சாதாரண உப்புநீரில் மிதக்காத குடிநீர்ப் புட்டித் துண்டுகள்கூட மிதந்து வரும், மணல் அடியில் தங்கும். புரோமோஃபார்ம் பல பிளாஸ்டிக்குகளையே கரைத்துவிடும் என்பதால் அங்கே அதற்கு இடமே இல்லை. ஆகவே அவள் துறையில் வாங்கும் ஒரு குப்பி, பக்கத்து அறைக்காரர்களுக்கும் பயன்படக்கூடும்.

பழைய குப்பியை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிச்சம் பட்டுப் பழுப்பேறிய புரோமோஃபார்மைத் திறந்து முகர்ந்து பார்க்கவோ, தொட்டியில் ஊற்றவோ கூடாது. 2005ஆம் ஆண்டின் பட்டியலிட்ட கழிவுகள் விதிமுறைகளின்படி அதற்கு முத்திரைச் சீட்டு ஒட்டி, பதிவேட்டில் எழுதி, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அது மாணவர் ஒருவர் தனியாகச் செய்யும் வேலையன்று. பொறுப்பாளரிடம் எழுத்து மூலம் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன்.

விண்ணப்பத்தில் காரணம் எழுத மூன்று வரி இடம்தான் இருந்ததாம். முதல் வரியில் ஆவியின் கனத்தையும், இரண்டாவதில் அரைப் பங்கு என்ற வரம்பையும், மூன்றாவதில் கழுவிய நீரிலிருந்து உப்பைத் திரும்ப எடுக்கலாம் என்பதையும் எழுதச் சொன்னேன். அன்றிரவே எழுதிக் கொடுத்துவிட்டாள். பதில் வரும்வரை மணலைச் சலித்து, அமிலத்தில் கழுவி, உலர்த்தி வைத்துக்கொண்டிருக்கிறாள்.